மூன்று பென்ஸுக்காகவா ஒரு புரட்சி?

அமெரிக்க வரலாற்றைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். சர்க்கரைச் சட்டம், முத்திரைச் சட்டம், தேயிலைச் சட்டம், ஷேஸ் கலகம், விஸ்கிக் கலகம் என்று பெயர்களும் ஆண்டுகளும் குவிந்து கிடக்கின்றன, ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்பது முதல் கேள்வி. 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் செய்தது என்கிறார்களே, விலை குறைந்ததற்காக யாராவது கப்பலேறிப் பெட்டிகளைக் கடலில் கொட்டுவார்களா என்பது இரண்டாவது.

இரண்டாவதுதான் நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்வி தானாக அடங்கிவிடும்.

என் பதில் இதுதான். இந்த வரலாற்றைச் சுதந்திரத்தின் கதையாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். இதை ஒரு கடனின் கதையாகவும் படிக்க வேண்டும். ஒரு பெரிய போர் நடந்தது, அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்ற வழக்கு எழுந்தது. பிரிட்டன் அமெரிக்காவில் தன் ஆட்சியின்கீழ் இருந்த குடியேற்றங்களிடம் பணம் கேட்டது, கலகம் வெடித்தது. பிறகு சுதந்திர அமெரிக்காவே தன் மக்களிடம் பணம் கேட்டது, அப்போதும் கலகம் வெடித்தது. 1754 முதல் 1794 வரை நாற்பது ஆண்டுகள். இரண்டு முனைகளிலும் ஜார்ஜ் வாஷிங்டன் நிற்கிறார், அதுவும் ஏறக்குறைய ஒரே மலைநாட்டில்.

முதல் முனை, 1754 மே மாதம். இன்றைய பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையிலுள்ள காடு. அந்தக் குடியேற்றங்களில் ஒன்றான வர்ஜீனியாவின் துணைநிலை ஆளுநர் டின்விடி அனுப்பிய சிறு படைக்கு 22 வயது வாஷிங்டன் தலைமை தாங்கி வந்திருந்தார். ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கு பிரெஞ்சுக்காரர்களுடையதா, ஆங்கிலேயர்களுடையதா என்பது தகராறு. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த பூர்வகுடிகளை இரு தரப்பும் கேட்கவில்லை. இதில் வர்ஜீனியாக்காரர்களுக்குச் சொந்த லாபமும் இருந்தது. அந்த நிலத்தை வாங்கிக் கூறுபோட்டு விற்பதற்கென்றே ஒஹாயோ கம்பெனி என்று ஒன்று இருந்தது. வாஷிங்டனின் அண்ணன் லாரன்ஸ் அதில் பங்குதாரராக இருந்தவர், டின்விடியும் ஒரு பங்குதாரர். அரசாங்கப் படை எது, மனைவணிகம் எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

மே 28ஆம் தேதி காலையில் ஒரு பிரெஞ்சுக் குழுவை வாஷிங்டனின் ஆட்களும், டனாகரிசன் என்ற பூர்வகுடித் தலைவரின் வீரர்களும் சூழ்ந்து தாக்கினார்கள். பிரெஞ்சுத் தலைவர் ஜுமோன்வில் கொல்லப்பட்டார். தாங்கள் தூதுக்குழுவாக வந்தவர்கள் என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள். சில வாரங்களில் ஜுமோன்வில்லின் சகோதரரே படையோடு வந்து, அவசரத்தில் கட்டப்பட்ட வாஷிங்டனின் சிறு கோட்டையை முற்றுகையிட்டார். வாஷிங்டன் தன் வாழ்நாளில் சரணடைந்தது அந்த ஒரே முறைதான். கொட்டும் மழையில் அவர் கையெழுத்திட்ட சரணாகதிப் பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருந்தது, அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஜுமோன்வில்லைப் 'படுகொலை' செய்ததாக அதில் ஒரு சொல் இருந்ததைக் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். படிக்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது அரிது. கோட்டையை விட்டு அவர் வெளியேறிய நாள் ஜூலை 4.

அந்தக் காட்டில் பற்றிய தீ உலகப் போராகப் பரவியது. ஐரோப்பாவில் அதற்கு ஏழாண்டுப் போர் என்று பெயர். நம் ஊரில் 1760இல் நடந்த வந்தவாசிப் போரும், 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்ததும் அதே போரின் கிளைகள்தான். 1763இல் பிரிட்டன் வென்றது. வென்ற கையில் கணக்குப் பார்த்தபோது அதன் தேசியக் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடிக்கு மேல் ஏறியிருந்தது. இனிமேல் நடப்பவை எல்லாம் இந்த எண்ணிலிருந்து முளைத்தவை.

பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கணக்கில் கண்டிப்பான மனிதர். புதிதாகக் கிடைத்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 வீரர்களை வைத்திருக்கத் திட்டம் இருந்தது. உங்களைக் காக்கத்தான் படை, செலவில் ஒரு பங்கையாவது நீங்கள் கொடுங்கள் என்றார். அவர் நிலையில் நின்று பார்த்தால் இது அநியாயமான கோரிக்கை இல்லை. பள்ளிப் பாடங்கள் அவரை வில்லனாக்கி விடுகின்றன, எனக்கு அதில் உடன்பாடில்லை. தவறு கோரிக்கையில் இல்லை, கேட்ட முறையில் இருந்தது.

அவர் பதவியேற்ற ஆண்டே இன்னொரு காயமும் பட்டது. ஒட்டாவா மக்களின் தலைவர் பொன்டியாக் முன்னின்ற எழுச்சியில் பூர்வகுடிகள் ஆங்கிலேயக் கோட்டைகளை ஒவ்வொன்றாகத் தாக்கினார்கள். எல்லையில் போர் ஓயாவிட்டால் செலவும் ஓயாது. ஆகவே 1763 அக்டோபர் 7ஆம் தேதி மன்னர் மூன்றாம் ஜார்ஜ், அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று அரச அறிவிப்பு வெளியிட்டார். எந்த நிலத்துக்காகப் போரே தொடங்கியதோ அந்த நிலம் பூட்டப்பட்டது. பூர்வகுடிகளின் மனத்தைத் தற்காலிகமாக ஆற்றுவதற்கான ஏற்பாடு மட்டுமே இது என்று வாஷிங்டன் பின்னர் தன் நில அளவையாளருக்குக் கடிதம் எழுதி, நல்ல நிலமாகப் பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார். தேயிலையைவிட இந்த அறிவிப்பு வர்ஜீனியாவின் பெரிய மனிதர்களை அதிகம் உறுத்தியது என்பது என் கணிப்பு.

சட்டங்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1764இன் சர்க்கரைச் சட்டம் வெளிநாட்டு வெல்லப்பாகுக்கான வரியை ஒரு காலனுக்கு 6 பென்ஸிலிருந்து (பிரிட்டிஷ் சில்லறைக் காசு) 3 பென்ஸாகக் குறைத்தது. ஆமாம், குறைத்தது. பழைய வரியை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை, சுங்க அதிகாரியின் கையில் எதையாவது வைத்தால் போதும். புதிய சட்டம் குறைந்த வரியைக் கறாராக வசூலிக்கச் சொன்னது, கடத்தல் வழக்குகளை ஜூரி இல்லாத கடல்சார் நீதிமன்றங்களுக்கு அனுப்பியது. வரி குறையும்போது கோபம் கூடும் விசித்திரம் இங்கேயே தொடங்கிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1765 மார்ச்சில் முத்திரைச் சட்டம் வந்தது. முத்திரைத்தாள் நமக்குப் பழகிய பொருள், வீடு வாங்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிரிட்டனிலும் அது 1694 முதலே நடைமுறையில் இருந்தது. அமெரிக்காவிலோ நீதிமன்ற ஆவணம், நிலப்பத்திரம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சாராயக்கடை உரிமம், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரை எல்லாவற்றிலும் முத்திரை வேண்டும் என்றார்கள். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், தாயக்கட்டைக்குப் பத்து ஷில்லிங். கிரென்வில்லின் அரசியல் புத்தி இங்கேதான் சறுக்கியது. வக்கீல், அச்சுக்கூடக்காரர், வியாபாரி, சாராயக்கடைக்காரர் என்று ஊரில் அதிகம் பேசுகிறவர்கள், பேச இடம் கொடுக்கிறவர்கள் எல்லோரையும் ஒரே சட்டத்தில் சீண்டிவிட்டார்.

வர்ஜீனியா சட்டமன்றத்தில் பாட்ரிக் ஹென்றி என்ற இளம் வக்கீல் தீர்மானங்கள் கொண்டுவந்தார். எங்களுக்கு வரி விதிக்கும் உரிமை நாங்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பது அவற்றின் சாரம். பாஸ்டனில் முத்திரை விற்பனையாளர் ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மையை மரத்தில் தொங்கவிட்டார்கள். சில நாள்களில் துணைநிலை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைச் சூறையாடினார்கள். அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். லண்டனிலிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின்கூட முதலில் காற்றின் திசையை அறியவில்லை. பென்சில்வேனியாவுக்கு முத்திரை விற்பனையாளராகத் தன் நண்பரையே பரிந்துரை செய்திருந்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு, 1766 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் முன்னால் நின்று சட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னார்.

பிரிட்டனின் வாதத்தையும் கேட்பது நியாயம். நாடாளுமன்றத்தில் எங்களுக்கு உறுப்பினர் இல்லையே என்றார்கள் அமெரிக்கர்கள். மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை, அவர்கள் வரி கட்டவில்லையா, நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொதுவானது என்றார்கள் லண்டனில். இந்த வாதம் இங்கிலாந்தில் எடுபட்டது. ஒன்றரை நூற்றாண்டாகத் தங்கள் சட்டமன்றங்களைத் தாங்களே நடத்திப் பழகியவர்களிடம் எடுபடவில்லை.

1766 மார்ச் 18இல் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில் இன்னொரு சட்டத்துக்கும் மன்னர் ஒப்புதல் கொடுத்தார். எந்த விஷயமானாலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்று அது பிரகடனம் செய்தது. பணம் வேண்டாம், உரிமை எங்களுடையதே என்று அர்த்தம். அமெரிக்காவில் மணியடித்துக் கொண்டாடினார்கள், இந்த இரண்டாவது காகிதத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. நாடாளுமன்றம் அதை வெறும் காகிதமாக நினைக்கவில்லை என்பதை அடுத்த ஆண்டே நிதியமைச்சர் சார்லஸ் டௌன்ஷெண்ட் காட்டினார். கண்ணாடி, ஈயம், காகிதம், வண்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதித் தீர்வை விதித்தார், சில மாதங்களில் இறந்தும் போனார்.

அந்தத் தீர்வைகளில் ஒரு விஷம் இருந்தது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வசூலாகும் பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. அதுவரை பெரும்பாலான இடங்களில் ஆளுநருக்குச் சம்பளம் கொடுத்தது உள்ளூர்ச் சட்டமன்றம். சம்பளத்தை நிறுத்திவைத்தால் ஆளுநர் வழிக்கு வருவார். அந்தக் கடிவாளத்தை அறுப்பதுதான் நோக்கம். ஜான் டிக்கின்சன் என்ற வக்கீல், ஒரு விவசாயி எழுதுவதுபோலக் கடிதங்கள் எழுதி இதை ஊர் ஊராக விளக்கினார். பிரிட்டிஷ் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியது. 1768இல் பாஸ்டனில் படை இறங்கியது. 1770 மார்ச் 5ஆம் தேதி இரவு, பனிக்கட்டியும் வசவும் வீசிய கூட்டத்தை நோக்கி வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினரான கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ். சுட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் பின்னாளில் நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ். எட்டு வீரர்களில் ஆறு பேருக்கு விடுதலை வாங்கிக்கொடுத்தார், இருவருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். ஊரே எதிர்த்து நிற்கும்போது அந்த வழக்கை எடுத்த ஜான் ஆடம்ஸ், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

அதே ஆண்டு மற்றத் தீர்வைகளை நீக்கிவிட்டுத் தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு, அதாவது ஒரு பவுண்டு எடைக்கு, 3 பென்ஸை விட்டுவைத்தார் புதிய பிரதமர் லார்டு நார்த். உரிமையைக் கைவிடவில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு நூலிழை.

இப்போது தேயிலை விலைக்கு வருகிறேன். இங்கே கதை நம் பக்கத்துக்கு வந்துவிட்டுப் போகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. கர்நாடகப் பகுதியில் ஹைதர் அலியோடு நடந்த போரில் கம்பெனி திணறியது, 1769இல் அவர் சென்னையின் வாசல் வரை வந்து தன் நிபந்தனைப்படி உடன்படிக்கை எழுதி வாங்கினார். போர்ச் செய்தி லண்டனை எட்டியபோது கம்பெனியின் பங்கு சரிந்தது. அடுத்து வங்காளத்தில் கொடும்பஞ்சம். 1772இல் லண்டனில் வங்கி நெருக்கடி. கம்பெனி அரசாங்கத்திடம் கடன் கேட்டு நின்றது. அதன் கிடங்குகளிலோ விற்காத தேயிலை 1.7 கோடி ராத்தலுக்கு மேல் கிடந்தது. அது சீனாவின் கான்டன் துறைமுகத்தில் வாங்கிய தேயிலை. அசாமிலும் நீலகிரியிலும் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.

1773ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியைக் காப்பாற்ற வந்தது. லண்டனில் ஏலம் விடாமல் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், பிரிட்டனில் கட்டிய தீர்வை திருப்பித் தரப்படும் என்றது. டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவந்த தேயிலையோடு போட்டிபோடும் அளவுக்கு விலை இறங்கும். அமெரிக்காவில் கட்ட வேண்டிய 3 பென்ஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

மலிவானால் வாங்கிக் குடிக்க வேண்டியதுதானே என்றுதான் லார்டு நார்த்தும் நினைத்தார். பாஸ்டனிலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிந்தது. தேயிலை மலிவாக இருந்தால் எல்லோரும் வாங்குவார்கள், வாங்கினால் 3 பென்ஸ் கட்டுவார்கள், கட்டினால் உரிமை நிலைநாட்டப்படும். அந்தக் காசு, இப்போது ஆளுநராகியிருந்த ஹட்சின்சனின் சம்பளமாகும். விற்கும் உரிமையோ கம்பெனி தேர்ந்தெடுத்த சில முகவர்களுக்கு மட்டும், பாஸ்டன் முகவர்களில் ஹட்சின்சனின் இரண்டு மகன்கள் இருந்தார்கள். கடத்தல்காரர்களுக்கும் நஷ்டம், நேர்மையான தேயிலை வியாபாரிகளுக்கும் நஷ்டம். கொள்கைக்காரரும் கள்ளக்கடத்தல்காரரும் ஒரே அணியில் சேரக் காரணமான சட்டம் உலகத்தில் அதிகம் இருக்காது. தூண்டிலில் இருக்கும் புழு விலையில்லாமல்தான் கிடைக்கிறது, மீன் அதற்காகத் தூண்டில்காரனுக்கு நன்றி சொல்வதில்லை.

ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சார்ல்ஸ்டனில் இறக்கிக் கிடங்கில் பூட்டினார்கள், பிறகு புரட்சி அரசு அதை விற்றுப் போர்ச் செலவுக்கே பயன்படுத்திக்கொண்டது. பாஸ்டனில் மட்டும் ஹட்சின்சன் பிடிவாதம் பிடித்தார். தீர்வை கட்டாமல் எந்தக் கப்பலும் துறைமுகத்தை விட்டுப் போகக் கூடாது என்றார். வந்து இருபது நாளில் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்துவிடும். கெடு முடிவதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 16ஆம் தேதி, மோஹாக் பூர்வகுடிகளைப்போல வேடமிட்ட ஆட்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். 92,000 ராத்தலுக்கு மேல் தேயிலை. அதற்குச் சற்று முன்பு தேயிலையைப் பற்றி நடந்த பொதுக்கூட்டத்தில் முன்னின்றவர் சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஆடம்ஸின் உறவினர். இவர் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

பிரிட்டன் 1774இல் கொடுத்த அடி பாஸ்டனோடு நிற்கவில்லை. துறைமுகத்தை மூடியது, பாஸ்டன் அடங்கிய மாசச்சூசட்ஸ் குடியேற்றத்தின் சாசனத்தையே மாற்றி ஊர்க் கூட்டங்களைக் கட்டுப்படுத்தியது, அரசு அதிகாரிகள் மீதான வழக்கை வேறிடத்துக்கு மாற்ற வழிசெய்தது. அதே ஆண்டின் கியூபெக் சட்டம் ஒஹாயோ பள்ளத்தாக்கைக் கனடாவோடு சேர்த்தது. ஒரே கோடையில் பாஸ்டன்காரர்களின் உரிமையும் வர்ஜீனியாக்காரர்களின் நிலக்கனவும் பறிபோயின. செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்கள் ஃபிலடெல்ஃபியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19இல் லெக்ஸிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்தது.

போரின் நாள்காட்டி எளிதில் கிடைக்கும், நான் விவரிக்கப்போவதில்லை. இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கலகக்காரர்களிடம் அடிமைகளாக இருப்பவர்கள் மன்னரின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து அவரிடம் ஓடினார்கள். அதுவரை தயங்கி நின்ற பல பண்ணையார்கள் புரட்சிப் பக்கம் சாய்ந்தது இதற்குப் பிறகுதான். மறு ஆண்டு ஜூலையில் 33 வயது தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடனம் மன்னர் மீது வரிசையாகக் குற்றம் சாட்டியது. எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டார் என்பது அந்த நீண்ட பட்டியலில் ஒரே ஒரு வரி. அடிமை வணிகத்துக்கும் மன்னரே காரணம் என்று ஜெஃபர்சன் எழுதிய பத்தியைக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மன்றமான காங்கிரஸ் வெட்டிவிட்டது. எழுதியவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

1777இல் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்ததும் பிரான்ஸ் பகிரங்கமாகப் போரில் இறங்கியது. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பணிந்தார். பிற்பாடு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர் இதே கார்ன்வாலிஸ்தான். பென்சில்வேனியாக்காரர்கள் 1782இல் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எதிரிக்கு எதிரி. சமாதானச் செய்தி வந்து சேர்வதற்கு முன்னால் பிரெஞ்சு, பிரிட்டிஷ் கடற்படைகள் கடைசியாக மோதிக்கொண்டது 1783 ஜூனில், நம் கடலூருக்கு எதிரே.

போர் முடிந்தது, கடன் கைமாறியது. இப்போது அது அமெரிக்காவின் கடன். பிரான்ஸுக்கும் டச்சு வங்கிகளுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சம்பளம் கிடைக்காத சொந்தப் படைவீரர்களுக்கும் தர வேண்டிய பணம். அதைக் கட்ட வேண்டிய காங்கிரஸுக்கோ வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. 1781 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள் என்ற முதல் அரசியலமைப்பின்படி மாநிலங்களிடம் கேட்கலாம், அவை மனமிருந்தால் கொடுக்கும். இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போட அனுமதி கேட்டார்கள், ரோட் ஐலண்டு என்ற குட்டி மாநிலம் ஒன்று மறுத்ததால் அது செத்தது. வரிக்கு எதிராகப் பிறந்த நாடு, வரி வாங்க முடியாமல் தவித்தது.

காங்கிரஸ் வேறொரு பக்கம் கண்ணை ஓட்டியது. 1783 உடன்படிக்கையில் பிரிட்டன் மேற்கு நிலத்தை விட்டுக்கொடுத்திருந்தது, அங்கே வாழ்ந்தவர்களின் பெயரே அதில் இல்லை. அந்த நிலத்தை 640 ஏக்கர் சதுரங்களாக அளந்து, ஏக்கர் ஒரு டாலருக்குக் குறையாமல் விற்று, அந்தப் பணத்தில் கடனை அடைக்கலாம் என்றது 1785ஆம் ஆண்டுச் சட்டம். 1787இன் வடமேற்கு ஆணை அங்கே அடிமைமுறையைத் தடைசெய்தது, புதிய மாநிலங்கள் உருவாகும் வழியையும் வகுத்தது. நல்ல சட்டம் என்று புகழப்படுகிறது, புகழலாம். அடகு வைக்கப்பட்டது அடுத்தவர் வீடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாசச்சூசட்ஸ் மாநிலம் தன் கடனைத் தீர்க்கக் கடுமையாக வரி போட்டது, அதையும் நாணயமாகவே கேட்டது. மேற்குப் பகுதி விவசாயிகளிடம் தானியம் இருந்தது, மாடு இருந்தது, நாணயம் இல்லை. நிலம் ஜப்திக்குப் போனது, ஆள் சிறைக்குப் போனார். அவர்களில் பலர் புரட்சிப் போரில் சண்டையிட்டவர்கள். சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்த கடன் பத்திரத்தை அற்ப விலைக்கு விற்றுவிட்டு, அதே பத்திரத்தை வாங்கிய பாஸ்டன் பணக்காரருக்கு வட்டி கொடுப்பதற்காக வரி கட்டினார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நின்று இரண்டு முறை படியுங்கள். 1786 ஆகஸ்டில் கும்பலாகச் சென்று நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தார்கள். தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ், பங்கர் ஹில்லிலும் சரடோகாவிலும் போரிட்ட முன்னாள் கேப்டன். பிரெஞ்சுத் தளபதி லாஃபாயெட் பரிசளித்த வாளைக்கூட வறுமையில் விற்றவர்.

அரசாங்கக் கஜானாவில் காசில்லாததால் பாஸ்டன் வணிகர்கள் பணம் போட்டுப் படை திரட்டினார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக்கிடங்கின் முன்னால் பீரங்கி வெடித்து நான்கு பேர் இறந்ததும் கலகம் கலைந்தது. சாமுவேல் ஆடம்ஸ் எங்கே நின்றார் தெரியுமா? கலகக்காரர்களைத் தூக்கிலிட வேண்டும் என்ற பக்கத்தில். மன்னராட்சியில் கலகத்துக்கு மன்னிப்பு உண்டு, குடியரசின் சட்டத்தை எதிர்ப்பவருக்குக் கிடையாது என்பது அவர் நிலை. பாரிஸிலிருந்த ஜெஃபர்சனோ, அவ்வப்போது ஒரு சிறு கலகம் நடப்பது நல்லதுதான் என்று தன் நண்பரும் வர்ஜீனிய அரசியல்வாதியுமான மேடிசனுக்கு எழுதினார். அட்லாண்டிக் கடல் நடுவில் இருக்கும்போது அப்படி எழுதுவது எளிது. கடைசியில் ஷேஸுக்கு மன்னிப்பு கிடைத்தது.

அந்தப் பயத்தோடுதான் 1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு மாநாடு கூடியது. 55 பேர் கலந்துகொண்டார்கள், ரோட் ஐலண்டு வரவே இல்லை. ஜேம்ஸ் மேடிசன் தயாரித்த வரைவு விவாதத்துக்கு அடித்தளம். எழுதி முடித்த சாசனத்தில் காங்கிரஸின் அதிகாரப் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதல் அதிகாரமே வரி விதித்து வசூலிப்பது, கடனைத் தீர்ப்பது. சற்றுக் கீழே கலகங்களை அடக்குவது. அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணும் இழிவான விகிதமும் வரிக் கணக்கிலிருந்து வந்ததுதான். எந்த மாநிலம் எவ்வளவு பங்கு தர வேண்டும் என்று 1783இல் பேசியபோது பிறந்த எண் அது. நான்கு ஆண்டு கழித்து, தென்மாநிலங்களுக்கு எத்தனை உறுப்பினர் என்று தீர்மானிக்கவும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுக்கும்போது குறைத்துக் காட்ட விரும்பிய தலைகளை, இடம் வாங்கும்போது கூட்டிக் காட்ட விரும்பினார்கள். இந்தச் சாசனத்தை எதிர்த்தவர்களில், வேறு காரணங்களுக்காக, பாட்ரிக் ஹென்றியும் உண்டு. உரிமைப் பட்டியல் இல்லையே என்ற கூக்குரலுக்குப் பதிலாக 1791இல் முதல் பத்துத் திருத்தங்கள் வந்தன.

நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் 1790இல் கணக்கைத் திறந்தார். மத்திய அரசின் கடன் சுமார் 5.4 கோடி டாலர், மாநிலங்களின் கடன் சுமார் 2.5 கோடி. எல்லாவற்றையும் மத்திய அரசே ஏற்கும், பத்திரத்தின் முகமதிப்பு முழுவதும் இன்று அதை வைத்திருப்பவருக்குப் போகும் என்றார். அற்ப விலைக்கு விற்றுவிட்ட வீரனுக்கு ஒன்றும் கிடையாதா என்று மேடிசன் எதிர்த்தார், தோற்றார். மாநிலக் கடனை ஏற்பதற்குத் தெற்கின் வாக்கைப் பெற, தலைநகரைப் பொடோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும் பேரம் ஜெஃபர்சன் வீட்டு இரவு விருந்தில் முடிந்தது. வாஷிங்டன் நகரம் அங்கே நிற்பதற்கு இதுதான் காரணம். ஹாமில்டனின் திட்டம் கடனைத் திருப்பிக் கொடுக்கும் நாடு என்ற நம்பிக்கையை உலகச் சந்தையில் நிமிர்த்தியது என்பதை மறுக்க முடியாது. வட்டிக்குப் பணம் வேண்டுமே. 1791 மார்ச்சில் விஸ்கிக்குக் கலால் வரி வந்தது.

மலைக்கு மேற்கே விஸ்கி குடிப்பதற்கு மட்டும் காய்ச்சப்படவில்லை. ஒரு குதிரை நான்கு மூட்டை ரை தானியத்தைச் சுமந்து மலையைக் கடக்கும். அதையே விஸ்கியாக்கினால் இருபத்துநான்கு மூட்டையின் மதிப்பைச் சுமக்கும். காசு புழங்காத ஊரில் விஸ்கியே காசு, கூலியும் அதில்தான். வரியையோ ரொக்கமாகக் கட்ட வேண்டும். பெரிய ஆலைகள் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டித் தப்பிக்கலாம், நிறையக் காய்ச்சினால் காலனுக்கு விழும் வரி குறையும். சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. வழக்கு என்றால் மலை தாண்டி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போக வேண்டும். சர்க்கரைச் சட்டத்தையும் முத்திரைச் சட்டத்தையும் எதிர்த்துச் சொல்லப்பட்ட அதே புகார்கள்.

1794 ஜூலையில் பிட்ஸ்பர்க் அருகே கலால் மேற்பார்வையாளர் ஜான் நெவிலின் மாளிகையைத் தாக்கி எரித்தார்கள். அதில் இறந்த கலகத் தலைவர் ஜேம்ஸ் மக்ஃபார்லேனும் புரட்சிப் போர் வீரர். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஏறத்தாழ 7,000 பேர் பிராடக் களம் என்ற இடத்தில் கூடினார்கள். 1755இல் பிரிட்டிஷ் தளபதி பிராடக் படுதோல்வி அடைந்த களம் அது. அன்று அவருடைய உதவியாளராக, சட்டையில் குண்டு துளைத்தும் உயிர் பிழைத்து நின்றவர் வாஷிங்டன்.

இப்போது அவர் 62 வயதுக் குடியரசுத் தலைவர். ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, ஹாமில்டனையும் கூட்டிக்கொண்டு, பெட்ஃபோர்டு வரை தானே சென்றார். படை மலையைக் கடந்தபோது எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லை. சுமார் இருபது பேரைக் கைது செய்து ஃபிலடெல்ஃபியாவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார். அதே ஆகஸ்ட் 20ஆம் தேதி, இன்னும் மேற்கே, ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் இன்னொரு அமெரிக்கப் படை பூர்வகுடிகளின் கூட்டணியைத் தோற்கடித்தது. மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் இன்றைய ஒஹாயோவின் பெரும்பகுதி கைமாறியது. 1754இல் பிரெஞ்சுக்காரர்களைச் சுட்டு யாருடையது என்று கேட்ட நிலம் அதுதான்.

விஸ்கி வரியை ஜெஃபர்சன் ஆட்சியில் 1802இல் நீக்கினார்கள். அதற்கு முன்பே, பதவியிலிருந்து இறங்கிய 1797இல், வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் ஒரு விஸ்கி ஆலை தொடங்கியிருந்தார். அவர் இறந்த 1799இல் அதில் சுமார் 11,000 காலன் வடிந்தது, நாட்டின் மிகப்பெரிய ஆலைகளில் அதுவும் ஒன்று. அடுப்பெரித்து ஊறல் கிளறியவர்கள் அவருடைய அடிமைகள்.